கலுங்கு தாண்டினால் கடல்: பாக் விரிகுடா நிர்வாகம், செட்டிநாட்டிலிருந்து ஒரு பார்வை

தமிழ்நாட்டில் கடலோர மாவட்டங்கள் 14 என்பது அரசின் கணக்கு. அந்தப் பட்டியலில் சிவகங்கை கிடையாது. 1985ஆம் ஆண்டு வரை காரைக்குடியும் தேவகோட்டையும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தன. தொண்டித் துறைக்கும் தேவகோட்டைக் கடைவீதிக்கும் ஆட்சியர் ஒருவரே. மாவட்டத்தைப் பிரித்தபோது திருவாடானை வட்டம் ராமநாதபுரத்தோடு நின்றுவிட, அதற்கு மேற்கே உள்ள செட்டிநாட்டு ஊர்கள் காகிதத்தில் கடலை இழந்தன. வடக்கே இருக்கும் கோனாபட்டும் ராயவரமும் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவை என்பதால் அவை இன்றும் கடலோர மாவட்டத்து ஊர்கள். அருகிலேயே இருக்கும் கானாடுகாத்தான் அப்படியல்ல. இவை எல்லாவற்றிலும் பெய்யும் மழை, கண்மாய்கள் என்னும் பாசன ஏரிகளில் தங்கியது போக, பாக் விரிகுடாவைத்தான் சேர்கிறது.

கடற்பரப்பை அரசு எப்படித் திட்டமிடுகிறது, எப்படி நிர்வகிக்கிறது என்ற கேள்வியைக் கடற்கரையில் நின்று கேட்பதே வழக்கம். கரையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் உள்ளே, ஒரு கண்மாயின் கலுங்கில், அதாவது நிறைந்த நீர் வழிந்து வெளியேறும் இடத்தில், நின்று அதே கேள்வியைக் கேட்டால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. சட்டம் கடலைக் கோடுகளாகப் பகுத்து ஆள்கிறது. பாக் விரிகுடாவோ சராசரியாக 10 மீட்டர் ஆழம்கூட இல்லாத, குறுகலான, இரண்டு நாடுகள் பகிர்ந்துகொள்ளும் கடல். அங்கே பல ஆண்டுகளாக ஓரளவு நிலைத்து நிற்கும் ஏற்பாடுகள், கோடு போட்டு வந்தவை அல்ல. முறை வைத்து, அதாவது யாருக்கு எப்போது என்று நேரத்தைப் பங்கிட்டு, வந்தவை. முறை என்றால் என்ன என்று பாசனக்காரர் யாருக்கும் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் கோடுகளைப் பார்ப்போம். 1976ஆம் ஆண்டின் கடல்சார் மண்டலங்கள் சட்டம் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான நீரை ஆட்சிக்கடல் என்கிறது. ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர் என்பதால் இது சுமார் 22 கிலோமீட்டர். 24 கடல் மைல் வரை அடுத்துள்ள மண்டலம். 200 கடல் மைல் வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம். அரசமைப்புச் சட்டம் மீன்வளத்தை மாநிலப் பட்டியலின் 21ஆம் இனத்தில் வைத்திருக்கிறது; ஆட்சிக்கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பை ஒன்றியப் பட்டியலின் 57ஆம் இனத்தில் வைத்திருக்கிறது. ஆக 12 கடல் மைல் வரை நீந்தும் மீன் மாநிலத்தின் பொறுப்பு. அதே இடத்தில் கடலடித் தரைக்குக் கீழே இருக்கும் கனிமமும் எண்ணெயும் 297ஆம் பிரிவின்படி ஒன்றியத்துக்கு உரியவை. மீன் அந்தக் கோட்டைத் தாண்டிப் போனால் அதுவும் ஒன்றியத்தின் பொறுப்பாகிவிடுகிறது.

இந்தப் பகுப்பு நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்குச் சுருக்குமடி வலை வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. மீன் கூட்டத்தை வளைத்து அடிப்பக்கம் சுருக்கி மொத்தமாக அள்ளும் அந்த வலைக்குத் தமிழ்நாடு 2000ஆம் ஆண்டில் தடை விதித்தது. மாநிலத்தின் அதிகாரம் 12 கடல் மைலோடு முடிகிறது என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2023 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்கால ஆணை ஒன்றைப் பிறப்பித்தது: ஆட்சிக்கடலுக்கு அப்பால், பொருளாதார மண்டலத்துக்குள், திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாள்களில் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை இந்த வலையைப் பயன்படுத்தலாம். கோட்டைப் பற்றி எழுந்த வழக்கில் நீதிமன்றமே கடைசியில் கிழமையையும் மணியையும் கொண்டு தீர்வு தேட வேண்டியிருந்தது என்பது கவனிக்கத் தக்கது. பத்து மணி நேரத்துக்குள் 22 கிலோமீட்டர் போய், வலை வளைத்து, திரும்பி வர வேண்டும் என்பதில் மீனவர்களுக்கு இருந்த மனக்குறை தனிக் கதை.

பாக் விரிகுடாவுக்கு வந்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ராமேசுவரம் தீவுக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். அதில் பாதி 15 கிலோமீட்டர், அதாவது 8 கடல் மைல். இங்கே 12 கடல் மைலுக்கே இடம் கிடையாது, 200க்கு எங்கே போவது? 1974ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்த நீரை ‘வரலாற்றுரிமை நீர்ப்பரப்பு’ என்று குறிப்பிட்டு அதற்குள் எல்லையை வகுத்தது. 1976இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்குமான எல்லை வந்தது. பிறகு 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன் விதிகள் தொடக்கத்தில் கரையையொட்டிய 3 கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கின. 8 கடல் மைலில் 3 போனால் விசைப்படகுக்கு மிஞ்சுவது 5. கடலடித் தரையோடு மடி என்னும் பைவலையை இழுத்துச் செல்லும் நூற்றுக்கணக்கான இழுவைமடிப் படகுகள் அந்த ஒடுக்கமான பட்டைக்குள் மடியை இழுத்துத் திரும்பிவிடும் என்று எதிர்பார்ப்பது, வரைபடத்தை மட்டும் பார்த்துச் செய்த எதிர்பார்ப்பு. இலங்கை 2017இல் இழுவைமடி மீன்பிடிப்பை முழுவதுமாகத் தடை செய்த பிறகு கோட்டின் அந்தப் பக்கம் சட்டமே வேறாகிவிட்டது.

இவ்வளவு கோடுகளையும் ஒரே அலுவலகம் பார்த்துக்கொள்வதும் இல்லை. படகுக்கு டோக்கன் கொடுப்பது மீன்வளத் துறை. கடற்பசுவும் பவளமும் வனத்துறைக்கு உரியவை. கரையில் எது கட்டலாம், எது கூடாது என்பதைச் சொல்வது கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம். சிறு துறைமுகங்கள் கடல்சார் வாரியத்திடம். பாதுகாப்பு என்று வந்தால் கடற்படை, கடலோரக் காவல்படை, மாநிலத்தின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று மூன்று. ஆற்று முகத்துவாரம் நீர்வளத் துறைக்கும் உரியது. ஒவ்வொரு துறையிடமும் ஒரு வரைபடம் இருக்கிறது. ஒவ்வொன்றும் தன்னளவில் சரியானது. 2005 ஜூலையில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம் கப்பல் போக்குவரத்தின் வரைபடத்தை மற்ற எல்லாவற்றின் மேலும் விரித்து வைத்தது. 300 மீட்டர் அகலத்துக்கு 12 மீட்டர் ஆழம் வெட்டி 167 கிலோமீட்டர் நீளத்துக்கு வழி அமைப்பது அதன் நோக்கம். மீன்பாடு என்ன ஆகும், கடற்புல் என்ன ஆகும் என்ற கேள்விகள் பின்னால் வந்தன, வழக்கும் வந்தது, தூர்வாரல் நின்றது.

இந்தச் சிக்கலுக்கு உலகம் கண்டிருக்கும் ஒரு வழி, கடல்வெளித் திட்டமிடல். நிலத்தில் நகரத் திட்டம் செய்வது போல, ஒரு கடற்பகுதியில் மீன்பிடிப்பு, கப்பல், சுற்றுலா, பாதுகாக்க வேண்டிய உயிரினம், மின் உற்பத்தி ஆகிய எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து, எது எங்கே, எப்போது, எந்த அளவுக்கு என்று முடிவு செய்வதுதான் அது. ஆஸ்திரேலியா 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெருந்தடுப்புப் பவளத்திட்டை மண்டலங்களாகப் பிரித்தது இதற்கு முன்னோடி. நார்வே 2006இல் பேரன்ட்ஸ் கடலுக்கு ஒருங்கிணைந்த திட்டம் வகுத்தது. இந்தியா 2019இல் நார்வேயோடு சேர்ந்து இந்த முறையைச் சோதித்துப் பார்க்க முடிவெடுத்து, புதுச்சேரியையும் லட்சத்தீவையும் தேர்ந்தெடுத்தது. சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இந்தியத் தரப்பில் அந்தப் பணியைச் செய்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 1950களின் தொடக்கத்தில் இந்திய–நார்வே மீன்பிடித் திட்டம்தான் கேரளத்து நீண்டகரையில் விசைப்படகை அறிமுகப்படுத்தியது. 1960களில் அது மண்டபம் வரை விரிந்தது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏற, இழுவைமடி பாக் விரிகுடாவின் சேற்றுத் தரையை உழத் தொடங்கியது. படகைக் கொடுத்த நாடே எழுபது ஆண்டுகள் கழித்து, கடலை எப்படிப் பங்கிடுவது என்று சொல்லித்தர வந்திருக்கிறது. இதில் குற்றம் சாட்ட எதுவுமில்லை. அந்நாடும் தன் கடலில் பட்டுத்தான் கற்றது. ஆனால் எடுப்பதற்கான கருவி முதலில் வந்து, பங்கிடுவதற்கான திட்டம் இரண்டு தலைமுறை தாமதமாக வருகிறது என்ற வரிசை நம் கடல் நிர்வாகத்தின் பல இடங்களில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

சரி, பங்கிடுவதில் நமக்கு முன்னனுபவமே இல்லையா? சிவகங்கைச் சீமையின் கண்மாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நீர் ஆயக்கட்டுக்காரர்களுக்கு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலக்காரர்களுக்கு. மீன், ‘மீன்பாசி’ எனப்படும் மீன்பிடி உரிமையை ஏலம் எடுத்தவருக்கு. வண்டல் மண் வயலுக்கு. கரையில் நிற்கும் கருவேல மரம் இன்னொரு ஏலத்துக்கு. ஓரத்து நீர் ஆடுமாடுகளுக்கு. ஒரே நீர்நிலையில் இத்தனை பேர். மடையைத் திற என்பார் விவசாயி. தண்ணீர் வற்றினால் மீன் போய்விடும் என்பார் குத்தகைக்காரர். கண்மாய்க்குள் கோடு போட்டு இந்தப் பக்கம் நெல், அந்தப் பக்கம் மீன் என்று பிரித்தால் ஒரு நாளும் தீராது. நீர் குறையும்போது முறைப்பாசனம் வைக்கிறார்கள். மடையை எப்போது, எவ்வளவு நேரம் திறப்பது என்பதை ஊர் கூடி முடிவு செய்கிறது, மடையைத் திறந்து அடைக்கும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டி அதை நடத்துகிறார். அறுவடை முடிந்து நீர் வற்றிய பிறகு சில ஊர்களில் மீன்பிடித் திருவிழா வரும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும் வரை யாரும் நீரில் இறங்கக் கூடாது. வீசியதும் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடிக் கருவிகளோடு சுற்றுவட்டாரமே இறங்கும். ஊருணியின் கட்டுப்பாடு இதைவிடக் கடுமை: குடிநீருக்கு என்று விட்ட ஊருணியில் கால் கழுவுவதற்கும் இடமில்லை. இவற்றில் சாதிப் படிநிலையும் அதிகாரமும் கலந்திருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நீர்க்கட்டிக்கு மடையில் இருந்த பொறுப்பு ஊர்ச் சபையில் அவருக்கு இருந்ததில்லை.

பாக் விரிகுடாவில் நடப்பிலிருக்கும் ஏற்பாட்டை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ராமேசுவரம் முதல் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வரை வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகும். மீதி நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகின் மடியில் நாட்டுப்படகுக்காரரின் நண்டுவலை அறுபடுகிறது என்ற சண்டை முற்றி, கரையில் அடிதடியாகி, அதிலிருந்து பிறந்த உடன்பாடு இது. அரசு அதை ஏற்று ஆணையாக்கியது. நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிய கோட்டை நடுக்கடலில் பார்க்க யாரும் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் எந்தப் படகு துறையை விட்டுப் போகிறது என்பதை ஊரே பார்க்கிறது. முறை நிற்பதற்குக் காரணம் அதுதான். மீறல்கள் இல்லாமல் இல்லை. இருந்தாலும் மீறல் என்று எல்லோருக்கும் தெரிகிற மீறலாக அது இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் இதே இனம்தான். தொடக்கத்தில் 45 நாளாக இருந்தது பின்னர் நீட்டப்பட்டது. காரைக்குடிச் சந்தையில் கடல்மீன் விலை ஏறி, கண்மாய்க் கெண்டைக்கும் விராலுக்கும் மதிப்புக் கூடும் மாதங்கள் அவை. வீட்டில் நண்டு மசாலா வைப்பதற்கு நாட்டுப்படகுக்காரரின் வலையைத்தான் நம்ப வேண்டியிருக்கும், அவர்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்பதால்.

முறைக்கு மாறாக, ஆள்களையே வேறு கடலுக்கு அனுப்பிவிடலாம் என்று எண்ணிய திட்டமும் உண்டு. 2017இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் பாக் விரிகுடாவின் 2,000 இழுவைமடிப் படகுகளை மாற்றி, சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுகளைக் கொடுக்க இலக்கு வைத்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10. இலக்கின் பக்கத்தில்கூட அது வரவில்லை. விடிந்து போய் மறுநாள் திரும்பும் கடலில் பழகியவரை வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தொழிலுக்கு மாற்றுவதற்குப் படகு மட்டும் போதாது. துறைமுகம், குளிர்ப்பதனம், சூரைக்குச் சந்தை, கடனைத் தாங்கும் துணிவு என எல்லாம் சேர்ந்து வர வேண்டும். அமைதியான பாக் கடலைப் ‘பெண் கடல்’ என்றும் கொந்தளிக்கும் மன்னார்க் கடலை ‘ஆண் கடல்’ என்றும் ராமேசுவரத்தார் சொல்வது சும்மா இல்லை. ஒன்றில் கற்ற தொழிலை இன்னொன்றில் அப்படியே நடத்த முடியாது.

இனி கரைப் பக்கம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991இல் வந்தது. 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் அதன் பொதுவான எல்லை. ஊரகப் பகுதிகளில் 200 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்றிருந்ததை, 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161ஐத் தாண்டும் ஊர்களில் 50 மீட்டராகச் சுருக்கியது. இந்தச் சட்டத்தின் பலத்தை உள்ளூர் மக்கள் கண்கூடாகப் பார்த்தது இறால் பண்ணை வழக்கில். சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் தொடுத்த அந்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பண்ணைகளுக்கு வேறு வழி திறந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியை இன்னும் அகலமாக்கியது. மீமிசல், மணமேல்குடிப் பக்கம் போகிறவர்கள் சாலையிலிருந்தே இறால் குளங்களைப் பார்க்கலாம்.

அறிவிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதிதான் செட்டிநாட்டுக்கு நேரடியாக வேண்டியது. கடல் அலை ஏறி இறங்கும் ஆறும் ஓடையும் எந்த இடம் வரை கடலோர மண்டலம்? சட்டம் அதற்கு உப்பை அளவுகோலாக வைத்திருக்கிறது. ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரை எடுத்துப் பார்த்து, ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு எங்கே இருக்கிறதோ, அதுவரை கடலின் ஆளுகை. கரைக்கு இணையாகப் போகும் மற்ற எல்லாக் கோடுகளிலிருந்தும் இது வேறுபட்டது: ஆற்றோடு மேலேறி வரும் கோடு. பாம்பாறும் மணிமுத்தாறும் கோட்டக்கரையாறும் பாக் விரிகுடாவைத் தேடிப் போகும் ஆறுகள். அவற்றின் மேல்பகுதி செட்டிநாட்டுக் கண்மாய்ச் சங்கிலி. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தால் அடுத்த கண்மாய். அதுவும் வழிந்தால் அதற்கடுத்தது. கடைசிக் கலுங்குக்குப் பிறகு உப்பளமும் அலையாத்திச் செடியும். மேலே நீர் தங்கி மெல்லக் கசிந்தால் கீழே உப்பு பின்வாங்குகிறது. வரத்துக்கால் அடைபட்டு, கண்மாய் தூர்ந்து, கீழே ஆழ்துளைக் கிணறுகள் இறங்கினால் உப்பு மேலேறுகிறது. அடுத்த முறை வரைபடம் வரையும்போது சட்டத்தின் கோடும் அதன் பின்னாலேயே ஏறி வரும்.

ஆனால் கண்மாயைப் பார்ப்பவர்கள் கடலைப் பார்ப்பதில்லை. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்திடம். அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடம். இரு தரப்பிலும் அறிக்கைகளில் தவறாமல் வரும் ஒரு தொடர் ‘வீணாகக் கடலில் கலக்கும் நீர்’. மாயனூரிலிருந்து புதுக்கோட்டை, சிவகங்கை வழியாகக் குண்டாறு வரை சுமார் 262 கிலோமீட்டர் நீளத்துக்குக் காவிரியின் வெள்ள உபரியைக் கொண்டுவரும் இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோதும் அந்தத் தொடர் மேடையிலும் செய்தித்தாளிலும் புழங்கியது. வறண்ட கண்மாய்க்குத் தண்ணீர் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வானத்தைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரன் நான். இருந்தாலும், கடலைச் சேரும் நன்னீர் வீணாகிறது என்ற கணக்கில் இறால் குஞ்சும் நண்டும் மடவையும் முகத்துவாரத்தில் வளர்வது சேரவில்லை. காரைக்குடிச் சந்தைக்கு வரும் நீலக்கால் நண்டுக்கு ஒரு பங்கு தண்ணீர் மேலேயிருந்து போயாக வேண்டும்.

கீழ்முனையில் இப்போது புதிதாக ஓர் எல்லை வந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு அதிராம்பட்டினத்துக்கும் அம்மாப்பட்டினத்துக்கும் இடையே 448.34 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் அந்த விலங்கு ஒரு நாளைக்கு 40 கிலோ வரை கடற்புல் தின்னும். புல் வேண்டுமென்றால் வெயில் தரைவரை இறங்குகிற தெளிந்த, ஆழமற்ற நீர் வேண்டும். மடி உழாத தரையும் வேண்டும். மீன்பிடிப்பைத் தடை செய்யாமல், உள்ளூர் மக்களைக் கலந்துகொண்டு அமைக்க வேண்டிய பாதுகாப்பக வகையை அரசு தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்றே படுகிறது. வினோதம் அதன் நிர்வாகக் குழுவில் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆ பிரிவு இப்படிப்பட்ட குழுவில் வனத்துறை, எல்லைக்குட்பட்ட ஊராட்சிகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றோடு வேளாண்மைத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் தலா ஓர் இடம் தருகிறது. மீன்வளத் துறையின் பெயர் அந்த வாசகத்தில் கிடையாது. சட்டம் எழுதியவர்கள் காட்டை நினைத்துக்கொண்டு எழுதினார்கள். நாம் அதைக் கடலுக்குப் பயன்படுத்துகிறோம்.

சிவகங்கை மாவட்டம் பிரிந்த அதே 1985இல்தான் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் கடலியல் துறை இன்று தொண்டியில், கடலோரத்தில் இயங்குகிறது. மாவட்ட எல்லை பிரித்ததை ஒரு பல்கலைக்கழகம் கடந்து நிற்கிறது. முகத்துவாரத்தில் உப்பை அளக்கிறவரும் கண்மாயில் நீர்மட்டக் கல்லைப் படிக்கிறவரும் ஒரே பேருந்தில் போய்வரக் கூடிய தூரத்தில்தான் இருக்கிறார்கள். உப்பளவு எடுக்கப்படுவது சித்திரை வைகாசி வறட்சியில். அதைத் தீர்மானிக்கும் நீர் மேலே தேக்கப்படுவது அதற்கு ஆறு மாதம் முந்தைய மழையில். இரண்டு அளவுகளும் இரண்டு மாவட்டங்களில், இரண்டு துறைகளின் பதிவேடுகளில் எழுதப்படுகின்றன.